பனியில் ஒரு கொடாப்பு

எங்கள் வேப்பூரில் குளிர் என்பது, மார்கழி மாசம் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து ஏழு மணிக்குக் கிளம்பிப் போய்விடுகிற விருந்தாளி. கூட்டுரோடு டீக்கடை மாஸ்டர் மங்கி குல்லா போட்டிருந்தால் குளிர்காலம். கழற்றிவிட்டால் கோடைகாலம். நடுவில் வேறு பருவம் கிடையாது. திருச்சி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள் கண்ணைத் திறந்து, "எந்த ஊரு?" என்று கேட்டு, "வேப்பூர்" என்றதும் நிம்மதியாக மறுபடி தூங்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை அன்றைக்கு மட்டும் யாராலும் தூங்க முடியாது. அத்தனை ஆடும் ஒரே சமயத்தில் அபிப்பிராயம் சொல்லும். கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் விருத்தாசலம். அங்கே வெயில் போதாதென்று பீங்கான் சூளை வேறு வைத்திருக்கிறார்கள்.

தமிழில் பாருங்கள், புல் நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் குவிந்து கிடப்பதும் பனி. மூன்றுக்கும் பேச்சில் ஒரே வார்த்தைதான். மூன்றாவதைப் பார்க்கவேண்டிய அவசியம் நம் ஆட்களுக்கு வரவே இல்லை. கொடுத்துவைத்தவர்கள்.

இப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் 11,000 அடி உயரத்தில், முழங்கால் புதைகிற பனியில், கையில் டென்ட்டை வைத்துக்கொண்டு, 'இதில் தலை எது, கால் எது?' என்று விழித்த கதைதான் இந்த வாரம். அந்த ஒருவன் அடியேன்.

2020 ஜனவரி. கொரோனா என்ற பெயர் நமக்கு அவ்வளவாக அறிமுகமாகாத காலம். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் திடீரென்று, "கேதார்காந்தா போறோம்" என்றான். கேதார்நாத் என்று நினைத்து, "எனக்கு இன்னும் அந்த வயசு வரலையே" என்றேன். அது வேறாம். உத்தராகண்டில் உத்தரகாசி மாவட்டத்தில் 12,500 அடி உயரச் சிகரம். டேராடூனிலிருந்து ஜீப்பில் சுமார் 200 கிலோமீட்டர், பத்து மணி நேரம் குலுங்கினால் ஸாங்க்ரி என்று ஒரு மலைக்கிராமம். அங்கிருந்து நடை. குளிர்காலத்திலேயே ஏறலாம் என்பதால், பனியில் நடக்கப் பழகுகிறவர்களுக்கு அதுதான் எல்.கே.ஜி. வகுப்பு.

மூன்றாவது ஆளாக என் அத்தை பையனைச் சேர்த்துக்கொண்டோம். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்தவன். சூளைப் பக்கமே வாழ்ந்தவனுக்குப் பனியில் என்ன வேலை என்று கேட்டேன். "அதுக்குத்தான் மச்சான் வரேன். ஒரு வாரம் ஆறட்டும்" என்றான்.

கிளம்புவதற்கு முன் இரண்டு பேரிடம் புத்திமதி வாங்கினோம். கேட்டு வாங்கவில்லை. தானாக வந்தது.

முதலாமவர் என் பெரியப்பா. கிடை ஆடு வைத்திருந்தவர். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை மடக்கினால் புழுக்கை உரமாகும், நிலத்துக்காரர் கூலி கொடுப்பார். ஆட்டோடு ஆளும் அந்த வயலிலேயே படுக்கவேண்டும். குட்டிகளைக் கவிழ்த்து மூட மூங்கில் சிம்பில் பின்னிய கொடாப்பு இருக்கும். நான் செல்போனில் டென்ட்டின் போட்டோவைக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொடாப்பு" என்றார். "கொஞ்சம் பெரிசு. மனுஷக் குட்டிக்கு."

பிறகு மூன்று விதிகள் சொன்னார். "ஒண்ணு, காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு வாசல் வை. ரெண்டு, பள்ளத்துல படுக்காத. குளிரும் தண்ணி மாதிரிதான், பள்ளம் பாத்து எறங்கும். மூணு, மேல போத்திக்கறது அப்புறம். கீழ என்னா போடறன்றதுதான் முக்கியம். மண்ணு இருக்கே, அது ராத்திரியில கடன்காரன் மாதிரி. உடம்புச் சூட்டை வட்டியோட வாங்கிடும்."

இரண்டாமவர் எங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன். ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ரிட்டயரானவர். காலையில் கேட்டைத் திறந்துவிட்டு, "குட்மார்னிங் சார்" என்பார். நாங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போவோம். அந்த அளவில்தான் பழக்கம். பனிமலைக்குப் போகிறோம் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, லஞ்ச் நேரத்தில் வந்து நின்றார்.

"சியாச்சின்ல மூணு மாசம் இருந்திருக்கேன் தம்பி. ரெண்டே ரெண்டு சமாசாரம். டென்ட்டுல காத்துப் போற ஓட்டையை எவ்வளவு குளிரினாலும் அடைக்காதீங்க. உள்ள அடுப்பு வெக்காதீங்க. ராத்திரி பனி பேஞ்சா எழுந்து கூரையைத் தட்டிவிடுங்க."

"அண்ணே, மூணு ஆச்சு" என்றான் பக்கத்து சீட். அவர் சிரிக்கவில்லை. "மூணாவது தூங்காம இருக்கறதுக்கு. மொத ரெண்டும் எழுந்திருக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸாங்க்ரியில் ஒரு உள்ளூர் வழிகாட்டி கிடைத்தார். அவரை 'பைய்யா' என்றே கூப்பிட்டோம். எங்கள் ஹிந்தியில் எங்களுக்குச் சந்தேகமில்லாத ஒரே வார்த்தை அது. டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்கு எடுத்து, கோவேறு கழுதை மேல் ஏற்றினோம். முதல் நாள் ஜூடா கா தாலாப் என்கிற ஏரிக்கரை, 9,000 அடிக்கு மேல். ஏரி உறைந்து கிடந்தது. அன்றைக்கு டென்ட்டை பைய்யாவே அடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான் ஆயிற்று. 'இதுக்கா இத்தனை பில்டப்?' என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் சிகரத்தின் அடிவாரம், 11,000 அடி சொச்சம். மூன்று மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தயாராகிவிட்டது. பைய்யா டென்ட் மூட்டையைத் தூக்கி எங்கள் முன் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'இன்று உங்கள் முறை' என்று அர்த்தம். முகத்தில் ஒரு சந்தோஷம். மாப்பிள்ளைக்கு முதன்முதலாகப் புடவை மடிக்கக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் மாமியார் முகம்.

முதலில் இடம். பக்கத்து சீட் ஒரு பெரிய தேவதாரு மரத்தடியைக் காட்டினான். காற்று அடிக்காது, நிழலும் இருக்கும் என்றான். (மைனஸில் நிழல்!) பைய்யா கையிலிருந்த குச்சியால் தாழ்ந்த கிளை ஒன்றைத் தட்டினார். ஒரு மூட்டைப் பனி பொத்தென்று விழுந்தது. ராத்திரி டென்ட் மேல் விழுந்தால் கம்பி முறியும். பட்ட கிளையாக இருந்தால் வேறு ஏதாவது முறியும். அடுத்து நான் ஒரு சரிவின் கீழே சமதளமாக இருந்த இடத்தைக் காட்டினேன். பைய்யா சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். பனிச்சரிவு. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிகம் சரியுமாம். அதற்கு மேல் செங்குத்தானால் பனி தங்காது, அதற்குக் கீழே என்றால் வழுக்காது. கடைசியில் ஓடைப் பள்ளம் வேண்டாம், மேட்டு உச்சியும் வேண்டாம் என்று நடுவில் ஓரிடம் பிடித்தோம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் தேங்கும் என்பது விஞ்ஞானம். பெரியப்பா அதைத் தண்ணி என்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

டென்ட்டைப் பிரிக்கப் போனேன். பைய்யா தடுத்தார். காலால் மிதித்துக் காட்டினார். புதுப்பனி என்பது பத்தில் ஒன்பது பங்கு காற்று. அப்படியே அதன் மேல் படுத்தால் உடம்புச் சூட்டில் இளகி, முதுகுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி விழும். பிறகு அது அந்த வடிவத்திலேயே உறையும். காலையில் எழுந்தால் நம் உருவத்தில் ஒரு அச்சு. அதனால் முதலில் மிதித்துக் கெட்டிப்படுத்தவேண்டும். மூன்று பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வட்டமாகக் கும்மியடித்தோம். இமயமலை எத்தனையோ தபஸ்விகளைப் பார்த்திருக்கும், மூன்று கடலூர் மாவட்டத்து ஆசாமிகள் கும்மியடித்ததைப் பார்த்திருக்காது.

மிதித்து முடித்தால் அரை மணி நேரம் காத்திருக்கவேண்டுமாம். எதற்கு என்று கேட்டால், "பக்கா ஹோகா" என்கிறார். அரை மணி கழித்துக் காலை வைத்தேன். சிமென்ட் தரை மாதிரி இறுகியிருந்தது! வெயிலும் இல்லை, தண்ணீரும் ஊற்றவில்லை.

அத்தை பையன் உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"மச்சான், இது சிண்டரிங்!"

"அப்படின்னா?"

"எங்க பீங்கான் எப்படிக் கெட்டியாவுது? களிமண்ணுத் துகள் மொத்தமா உருகி ஓடாம, தொட்டுக்கிட்ட இடத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதுக்கு நாங்க ஆயிரத்து எறநூறு டிகிரி எரிக்கணும். ஐஸுக்கு உருகற சூடே ஜீரோ. மைனஸ் அஞ்சுல கெடக்குதுன்னா, அது ஏற்கெனவே சூளைக்குள்ள இருக்கற மாதிரிதான். நாம மிதிச்சு நெருக்கிவிட்டோம், அது தானா வெந்துடுச்சு."

மைனஸ் ஐந்து டிகிரியில் சூளை! விருத்தாசலத்துக்காரனை எங்கே கொண்டுபோய் விட்டாலும் செங்கல்லைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஆனால் விஷயம் நிஜம். பனிக்கும் பீங்கானுக்கும் அந்தப் பெயர் பொதுவானதுதான்.

அடுத்தது முளை அடிப்பது. டென்ட்டோடு வந்த அலுமினிய முளைகளை ஜோராகக் குத்தினோம். குத்தும்போது வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கயிற்றை இழுத்தபோதும் வெண்ணெயில் கத்தி மாதிரியே வெளியே வந்தது. நாலு முளையும் வந்தன. பைய்யா சிரித்து முடித்துவிட்டு, ஒரு முழக் குச்சியை எடுத்தார். ஒரு அடி பள்ளம் தோண்டி, குச்சியைப் படுக்கைவாட்டில் வைத்து, நடுவில் கயிற்றைச் சுற்றி, பனியைத் தள்ளி மிதித்து மூடினார். கொஞ்ச நேரம் கழித்து இழுக்கச் சொன்னார். மூன்று பேர் இழுத்தோம். அசையவில்லை. இதற்கு மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெட்மேன்'. செத்தவனைப் புதைக்கிற மாதிரி புதைப்பதால். நல்ல பேர் வைத்தார்கள், ராத்திரி தூங்கப் போகிற இடத்தில்!

நாலு குச்சி தேவை, மூன்றுதான் அகப்பட்டது. குச்சி இல்லாவிட்டால் ஒரு பையில் பனியை அடைத்துப் புதைத்தாலும் போதும் என்று பைய்யா ஜாடை காட்டினார். என் மூட்டையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அம்மா முறுக்கு போட்டுக் கொடுத்தது. முறுக்கை டெல்லி தாண்டுவதற்குள் தீர்த்துவிட்டதால் பை காலி. பனியை அடைத்து, கழுத்தைக் கட்டிப் புதைத்தோம். ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் மஞ்சப்பை அன்றைக்கு எங்கள் டென்ட்டின் வடமேற்கு மூலையைத் தாங்கியது.

'ஒரு கயிறு லூஸாக இருந்தால் என்ன?' என்று கேட்கிறீர்களா? 1911 ஜூலையில், தென்துருவக் கண்டத்தில், குளிர்காலக் கும்மிருட்டில், வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் என்று மூன்று பிரிட்டிஷ்காரர்கள் பெங்குவின் முட்டைக்காகப் போனார்கள். புயலில் அவர்கள் டென்ட் பிய்த்துக்கொண்டு பறந்துபோயிற்று. டென்ட் இல்லாமல் திரும்பி நடந்தால் சாவு நிச்சயம் என்று மூன்று பேருக்கும் தெரியும். புயல் அடங்கியதும் தேடினார்கள். சுமார் அரை மைல் தள்ளி, மூடின குடை மாதிரி கிடைத்தது. பிழைத்தார்கள். அதில் வில்சனும் பவர்ஸும் அடுத்த வருஷம் கேப்டன் ஸ்காட்டோடு துருவத்துக்கே போனார்கள். 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு சின்ன டென்ட் நிற்கிறது. அமுண்ட்சென் ஒரு மாசம் முந்திக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போனது. தோற்றுத் திரும்பும் வழியில் ஸ்காட்டும் அந்த இரண்டு பேரும் புயலில் டென்ட்டுக்குள்ளேயே முடங்கி, உயிரை விட்டார்கள். அடுத்த உணவுக் கிடங்கு வெறும் 11 மைல் தூரத்தில் இருந்தது. நவம்பரில் தேடிப் போனவர்கள் கண்டபோதும் டென்ட் நின்றுகொண்டுதான் இருந்தது. டென்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. பாவம், உள்ளே இருந்தவர்களிடம் எரிபொருளும் சோறும் இல்லை.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். நீள வாக்கின் ஒடுங்கிய பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, வாசலைப் பக்கவாட்டில் வைத்தோம். காற்றுக்கு நேராக வைத்தால் பனி வீட்டுக்குள் வரும். நேர் எதிரில் வைத்தால் சுழன்று வந்து வாசலில் குவியும். இது பெரியப்பா விதி நம்பர் ஒன். கீழே ஒரு ரப்பர் பாய், அதன்மேல் இன்னொரு பாய். ஸ்லீப்பிங் பேக்கில் நம் முதுகுக்கு அடியில் இருக்கிற பஞ்சு நசுங்கிப்போகும், நசுங்கின பஞ்சு சூட்டைத் தடுக்காது. அதனால் பாய்தான் காவல். இது விதி நம்பர் மூன்று. வைக்கோல் மட்டும்தான் இல்லை.

ராத்திரிப் படுக்கையில் யார் யாரோடு படுத்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் ஸ்லீப்பிங் பேக்கிற்குள் நான், வெந்நீர் பாட்டில், செல்போன், டார்ச் பேட்டரி, இரண்டு பூட்ஸ். பூட்ஸை வெளியே விட்டால் காலையில் மரக்கட்டை. பேட்டரியை வெளியே விட்டால் குளிரில் விறைத்து, உயிரை விட்டுவிடும். மிச்சத் தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தவேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாமல் மிஞ்சும். மூன்று பேர் டென்ட் என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விடாமல் இருந்தால் சரியாக இருக்கும்.

அந்த மூச்சுதான் அடுத்த பிரச்னை. மூச்சிலிருக்கும் ஈரம் டென்ட்டின் உள்கூரையில் போய்ப் படிந்து உறையும். யாராவது புரண்டால் முகத்தில் சொந்த மூச்சே பனியாக உதிரும். அதற்காகத்தான் மேலே காற்றுப் போக இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அது வழியே உள்ளே வந்த குளிர், நேராக என் மூக்கை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

நடுராத்திரி விழிப்பு வந்தது. தலையை ஆணி வைத்து அடிக்கிற மாதிரி வலி. வயிற்றைப் புரட்டியது. உயரத்தில் இதெல்லாம் சகஜம் என்று படித்திருக்கிறேனே என்று திரும்பிப் படுத்தேன். ஆனால் ஒரு சந்தேகம். மூக்கு குளிரவில்லை. இதமாக இருந்தது. கண்ணைத் திறந்தால் வாசல் பக்கம் நீல வெளிச்சம். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

பக்கத்து சீட் குளிர் தாங்காமல் இரண்டு ஜன்னலையும் அடைத்திருக்கிறான். வெளியே விடாமல் பெய்த பனி, டென்ட்டின் ஓரங்களையெல்லாம் சுற்றிப் பூசி மெழுகியிருந்தது. அதோடு விட்டானா? வாசல் முன்னறையில் காஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஜிப்பை இழுத்து மூடி, டீ போட உட்கார்ந்திருக்கிறான். டீ போட்டவன் உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மொத ரெண்டும் எழுந்திருக்கறதுக்கு.

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எந்த ஜிப்பையும் திறந்ததில்லை. கை சொன்னபடி கேட்கவில்லை. திறந்து, ஸ்டவ்வை வெளியே வீசிவிட்டு, அவன் காலரைப் பிடித்து இழுத்தேன். கனத்தான். அத்தை பையனை எட்டி உதைத்தேன். அவன் ஒரு விநாடியில் புரிந்துகொண்டான். சூளை ஊர்க்காரனுக்கு அடைத்த இடமும் நெருப்பும் சேர்ந்தால் என்ன என்று சொல்லித் தரவேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து அவனை வெளியே பனியில் இழுத்துப் போட்டோம். கன்னத்தில் அறைந்தோம். "டீ ஆயிடுச்சாடா?" என்றான். பிறகு வாந்தி எடுத்தான். அந்த வாந்தியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

நெருப்பு எரியக் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 11,000 அடியில் காற்றே மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதில் பெரிய சூழ்ச்சி என்னவென்றால், தலைவலி, வாந்தி, தூக்கம் எல்லாம் உயரத்தால் வருகிற நோய் மாதிரியே இருக்கும். 'மலைன்னா அப்படித்தான்' என்று திரும்பிப் படுத்துவிடுவோம். நானும் படுத்தேன். மூக்கு மட்டும் குளிர்ந்திருந்தால், இந்தப் பக்கத்தில் இந்த வாரம் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு இமயமலை வரை போகவேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன இளைஞர்களில் இரண்டு பேர், கோழி சுட்ட கரி அடுப்பு அறைக்குள் இருக்கத் தூங்கிவிட்டு, காலையில் எழுந்திருக்கவில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று லாங் வீக்எண்ட் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒரு பாராவை மட்டும் கிழித்து பர்ஸில் வைத்துக்கொள்ளவும். மற்றதை பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிடலாம்.

பைய்யா சத்தம் கேட்டு ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் எங்களுக்குத் தெரியாத ஹிந்தியில் கால் மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாம் புரிந்தது. விடியும்வரை அவனை உட்காரவைத்து, மூச்சு விடச் சொல்லிக்கொண்டே இருந்தோம். நான் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து டென்ட் கூரையைத் தட்டிப் பனியை இறக்கினேன். 'மூணாவது தூங்காம இருக்கறதுக்கு.'

காலையில் அத்தை பையன் மட்டும் பைய்யாவோடு சிகரம் ஏறினான். தலைவலியோடு மேலே போகக்கூடாது என்று எங்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். 12,500 அடிக்கு இன்னும் 1,200 அடி சொச்சம் பாக்கி. நேரே தெரிகிற சிகரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் பனியில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்து சீட், "ஸாரிடா" என்றான். "டீயில சக்கரை போட்டியா?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போது தலை வலித்தது.

கிளம்பும்போது டென்ட்டைப் பிரித்தால், புதைத்த மஞ்சப்பை கல்லாகியிருந்தது. பனி வெட்டுகிற கோடாலியால் சுற்றிலும் உடைத்துத்தான் எடுத்தோம். விட்டுவிட்டு வரலாம் என்றேன். பைய்யா மலையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆபீஸுக்குத் திரும்பின அன்று செக்யூரிட்டி அண்ணன் கேட்டைத் திறந்தார். நான் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்து சீட்டைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "2016-ல டி.வி. பாத்தீங்களா தம்பி?" என்றார்.

பார்த்திருக்கிறேன். பார்த்து, சேனலை மாற்றியிருக்கிறேன். 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சோனம் போஸ்ட், சுமார் 19,600 அடி. பனிப்பாறை சரிந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்து பேரை அவர்கள் இருந்த இடத்தோடு மூடியது. அதில் நாலு பேர் நம் தமிழ்நாடு. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். ஆறாவது நாள், சுமார் 25 அடி ஆழத்தில், லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார். கர்நாடகக்காரர். டெல்லி ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். 1984-ல் நம் ராணுவம் சியாச்சினில் ஏறியதிலிருந்து, குண்டுக்குச் செத்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் செத்தவர்களே அதிகம்.

"நான் அதுக்கு ரொம்ப முன்னாடியே ரிட்டயராயிட்டேன். அந்தப் பசங்க யாரையும் தெரியாது" என்றார் அண்ணன். "ஆனா அந்த ஆறு நாளும் டி.வி.யை அணைக்கலை. நாலு முழத் துணிதான் தம்பி. அதுக்குள்ளதான் கெடந்தோம். வெளியில என்னா இருக்குன்னு நெனச்சா தூக்கம் வராது. அதனால நெனைக்க மாட்டோம். ஓட்டையை மட்டும் பாத்துக்குவோம்."

நாங்கள் மூன்று நாள் காசு கொடுத்துப் போய்ப் பட்ட பாட்டை, அவர் மூன்று மாசம் சம்பளத்துக்குப் பட்டிருக்கிறார். திரும்பி வந்தவருக்கு நாங்கள் கொடுத்தது செல்போனிலிருந்து தலையெடுக்காத ஒரு தலையாட்டல்.

ஊருக்குப் போனபோது பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கீழ என்னா போட்டீங்க?" ரெண்டு பாய் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். அம்மா மஞ்சப்பையைத் துவைத்து, மறுபடி முறுக்கு போட்டுக் கொடுத்தாள். அது எதைத் தாங்கிவிட்டு வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் காலையில் ஆபீஸ் கேட்டில் குட்மார்னிங்கை நான்தான் முதலில் சொல்கிறேன். பக்கத்து சீட் ஒருபடி மேலே போய், தினம் பதினோரு மணிக்கு அண்ணனுக்கு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறான். அவரும் வாங்கிக்கொண்டு தவறாமல் ஒன்று கேட்கிறார்:

"வெளியில போட்டதுதானே தம்பி?"